கண்மை இல்லாத நாற்பத்தெட்டு பேர்

அத்தியாயம் 5

ஒரு தேசத்தின் தொழிலைக் காப்பவை பீரங்கிகள் அல்ல, போர்க்கப்பல்கள் அல்ல; எல்லைக் கோட்டில் இமை கொட்டாமல் விழித்திருக்கும் ஒரு ஜோடிக் கண்கள். இப்படிச் சொன்னவர் டோனா யூலாலியா ஃபகுண்டஸ். சொல்லிக்கொண்டே, அந்த ஜோடிக் கண்களுக்கு உரிய மூக்குக்கண்ணாடியைக் கைப்பைக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

"தலை மேல இருக்கு, டாக்டரம்மா," என்றான் வால்டிர்.

"தெரியும். கைப்பையில வேற ஒண்ணு தேடறேன்." கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "நாம இப்போ எந்த நாட்டில இருக்கோம்?"

"உங்க நாற்காலி உருகுவேல இருக்கு. மேசை பிரேசில்ல. காப்பிக் கோப்பை நடுவுல நிக்குது. அது எந்தப் பக்கம்னு சொல்லணும்னா ஒரு மடக்குக் குடிக்கணும்."

பிரேசிலின் லிவ்ரமெந்தோவும் உருகுவேயின் ரிவேராவும் இரண்டு நாட்டு ஊர்கள், ஆனால் ஒரே பூங்காவின் இரண்டு ஓரங்கள். இடையில் கதவும் கிடையாது, காவலும் கிடையாது. காலையிலிருந்து தென்காற்று சுழன்று அடித்ததில் காகிதக் கைக்குட்டைகள் மட்டும் பாஸ்போர்ட் இல்லாமல் நாடு மாறிக்கொண்டிருந்தன. வால்டிருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பத்தொன்பது வருடம் லாரி ஓட்டிய உடம்பு. வண்டி நின்றால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே நினைக்கும்.

டோனா யூலாலியா டாக்டர் இல்லை. சாந்தோஸ் துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தொரு வருடம், வந்து இறங்கும் சரக்கு இன்னதென்று பெயர் வைப்பது அவர் வேலை. கோட்டுப் போட்டவரையெல்லாம் டாக்டர் என்பது ஊர் வழக்கம். அவர் எப்போதும் சந்தன நிறக் கோட்டுப் போட்டிருப்பார். ஒருமுறை பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் நாற்பது பெட்டி வந்தபோது "மத வழிபாட்டுப் பொருள்" என்று எழுதிவிட்டார். இறக்குமதியாளர் அழுதார், மேலதிகாரி கெஞ்சினார், ஒரு பாதிரியாரே கடிதம் கொடுத்தார். எழுதியதை அவர் திரும்பப் பெறவில்லை. எழுதியதைத் திரும்பப் பெற்ற வழக்கமே அவர் வாழ்க்கையில் கிடையாது. ஓய்வு பெற்றபின் துப்பறியும் அலுவலகம் திறந்தார். முதுகு வலியால் லாரியை விட்ட வால்டிர், ஆறு வருடமாக அவருக்குக் காரும் ஓட்டினான், வாயும் ஓட்டினான்.

இந்த வழக்கு கார்பன் பிளாக் பற்றியது. டயருக்குக் கருப்பும் உழைப்பும் தரும் புகைக்கரித் தூள். கடல் கடந்து வரும் அந்தத் தூள் அடக்க விலைக்கும் கீழே வந்து குவிகிறது, நாட்டில் அதைச் செய்யும் ஒரே ஆலையான நாங்கள் செத்தால் தேசமே செத்தது என்று பிந்தோராமா கார்பன் கம்பெனி மூன்று வருடத்துக்கு முன் அரசிடம் அழுதது. அரசும் மனமிரங்கிக் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. வெளிநாட்டுத் தூளின் விலை இரட்டிப்பானது. பிந்தோராமாவும் தன் விலையை அதே உயரத்துக்கு ஏற்றிக்கொண்டது, தேசப்பற்றோடு.

ஆனால் பக்கத்து உருகுவேயில் செய்த தூளுக்கு வரி இல்லை. போன வருடம் ரிவேரா எல்லையில் ஒரு கார்பன் ஆலை திடீரென்று முளைத்தது. தொழிலாளர்கள் நாற்பத்தெட்டு பேர் என்றது அதன் சான்றிதழ். அது ஆலையே இல்லை, வெளிநாட்டுத் தூளுக்குச் சட்டை மாற்றும் கொட்டகை என்றது பிந்தோராமா. அதை நிரூபிக்கத்தான் டோனா யூலாலியாவை வேலைக்கு வைத்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அரசு அதிகாரி முன் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

"கிளம்பலாம்," என்று எழுந்தார்.

கிளம்பி இருநூறு மீட்டரில் பின்சக்கரம் பஞ்சர்.

*

தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை பிரேசில் பக்கத்தில் இருந்தது. முதலாளி நெரேவு பிட்டென்கோர்ட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். எருமைத் தோள், அதற்குச் சற்றும் பொருந்தாத கண்கள். இமையோரம் இரண்டிலும் அழகாக, அளவாக, மை தீட்டியிருந்தது.

வால்டிரால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, நாடகத்துல நடிக்கிறீங்களா? கண்மை பிரமாதம்."

"இருபது வருஷமா இதே நாடகம்தான் தம்பி. ரப்பர்ல தூளை நானேதான் கலக்கறேன். உள்ள இருக்கிற எங்க ஆளுங்க பதினாலு பேருக்கும் இதே கண்ணுதான், எட்டிப் பாருங்க." நெரேவு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே பேசினார். "தண்ணில போகாது. சோப்புல போகாது. வாசலினைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சாப் பாதி போகும். என் பொண்ணு கல்யாணத்தில மாப்பிள்ளையோட அத்தை என் வீட்டுக்காரியைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கா, உங்க வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி மை வாங்கறாருன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிந்தோராமான்னேன். அப்போ அங்கதான் வாங்கினேன். இப்போ அவன் விலைக்கு வாங்கினா, புது டயரை விட நான் ஒட்டுப் போட்ட டயர் விலை கூடும். ரிவேராத் தூள் இருக்கிறதால பட்டறை ஓடுது. அதையும் நிறுத்தப் போறாங்களாம். நிறுத்தினா வெள்ளிக்கிழமையோட ஷட்டரை இறக்க வேண்டியதுதான்." நட்டை எடுத்தார். "நீங்க என்ன வேலையா வந்திருக்கீங்க?"

வால்டிர் 'சுற்றுலா' என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் டோனா யூலாலியா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தேசத்தின் தொழிலைக் காக்க. அந்த ரிவேரா ஆலையோட முகமூடியைக் கிழிக்க."

நெரேவு சக்கரத்தை மாட்டினார். ஐந்து நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக இறுக்கினார். கடைசி நட்டுக்கு ஒரு சுற்று அதிகம்.

"நல்லாவே இறுக்கியிருக்கேன்," என்றார் நிமிர்ந்து. "வழியில கழண்டு விழாது. எனக்கு அவ்வளவு கெட்ட புத்தி வரல. போயிட்டு வாங்க."

காரில் ஏறியபின் இரண்டு கிலோமீட்டருக்கு வால்டிர் வாய் திறக்கவில்லை. அவனுக்கு அது ஒரு சாதனை.

"என்ன யோசனை?" என்றார் டோனா யூலாலியா.

"பதினாலு பேர் டாக்டரம்மா."

"உண்மைக்குத் தலை எண்ணத் தெரியாது."

"அதனாலதான் அதை யாரும் வேலைக்கு வச்சுக்கறதில்ல."

*

ஆலை மேலாளரின் பெயர் வாஷிங்டன் எட்செகோயன். உருகுவேயில் பிள்ளைக்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இடது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்னும் பச்சிலைப் பானக் குடுக்கை, வாயில் உறிஞ்சுகுழல். அவர் பின்னால் நாற்பத்தெட்டு பேர் நீலச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் ஒவ்வொருவர் அக்குளிலும் ஒரு ஃபிளாஸ்க்.

"வாங்க சென்யோரா. எண்ணிக்கோங்க. ஒரு ஆள் கூடக் குறையாது."

"கூடினா?" என்றான் வால்டிர்.

"கூடினா மதியச் சாப்பாடு பத்தாது."

டோனா யூலாலியா காகிதங்களைக் கேட்டார். எல்லாம் இருந்தன. இத்தனை ஒழுங்கான காகிதம் வைத்திருப்பவன் ஒன்று மகான், இல்லையென்றால் வேறு வேலை இல்லாதவன் என்று அவர் முணுமுணுத்தது வால்டிருக்குக் கேட்டது. உலையைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். ஆளுயர இரும்பு உருளை, குளிர்ந்து கிடந்தது.

"இன்னைக்குப் பராமரிப்பு," என்றார் வாஷிங்டன்.

டோனா யூலாலியா வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உலையின் கைப்பிடிக் கம்பியை ஒரு முழ நீளத்துக்குத் துடைத்தார். கைக்குட்டையை விரித்தார். அதில் செம்மண் இருந்தது. செம்மண் மட்டும்தான் இருந்தது.

"வாஷிங்டன், உங்க ஆளுங்க இங்கேயே நின்னு மாத்தேக் குடிப்பாங்களா?"

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், சென்யோரா. அதை நிறுத்தினா புரட்சி வந்துரும்."

"மூடியில்லாத குடுக்கையில? கரித்தூள் பறக்கிற ஆலையில? வாயில குழல வச்சு உறிஞ்சறாங்க? இந்நேரம் நாற்பத்தெட்டு நாக்கும் தார் ரோடு மாதிரி இருக்கணும்." திரும்பி முதல் ஆளைப் பார்த்தார். "நாக்கை நீட்டுங்க."

அவன் நீட்டினான். இலைப்பச்சையாக இருந்தது.

வால்டிர் நாக்கைப் பார்க்கவில்லை. வரிசை ஓரமாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டே நடந்து போய்த் திரும்பி வந்தான்.

"டாக்டரம்மா, நாக்கு மட்டுமில்ல. தொண்ணூத்தாறு கண்ணு. ஒண்ணுலகூட மை இல்ல. பால் குடிக்கிற குழந்தை மாதிரி பார்க்கறாங்க."

காற்றில் தகரக் கதவு ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. வாஷிங்டன் ஒரு நீள உறிஞ்சு உறிஞ்சினார், குடுக்கை அடியில் களகளவென்று சத்தம் வரும் வரை. அப்புறம் சிரித்தார். பிடிபட்டவனின் சிரிப்பு இல்லை. விருந்தாளி ஒருவழியாகக் கிளம்பும்போது வருமே, அது.

"கால்பந்து கிளப்புலேர்ந்து இருபத்திரண்டு பேர். அவங்களோட மாற்று ஆட்டக்காரங்க பத்து. மிச்சம் கார்னிவல் மேளக்காரங்க. பாவம், காலைல ஆறு மணிக்கே வந்துட்டாங்க, சாப்பாடு போட்டு அனுப்பிடறேன். என் சொந்த ஆளு ஆறு பேர், அவங்க கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்காங்க."

"அவங்க வேலை?"

"மூட்டை கப்பல்ல வரும். பிரிக்கறதில்ல சென்யோரா, பிரிச்சா தூள் பறந்து துணியெல்லாம் நாறிப்போகும். அப்படியே எங்க மூட்டைக்குள்ள விட்டு வாயைத் தைச்சிருவோம். சட்டை மேல கோட்டு, அவ்வளவுதான். தையல் மெஷின் காட்டட்டுமா? பழசு, ஆனா நல்ல மெஷின். உங்க ஊர்க் கம்பெனிதான் வித்தாங்க. அவங்களுக்கு இதோட வேகம் போதலையாம், பெருசா ஒண்ணு வாங்கிட்டாங்களாம்."

மெஷினின் பக்கவாட்டில் பாதி உரிந்த ஒட்டுப்படம் ஒன்று இருந்தது. பச்சைப் பனைமரம். பிந்தோராமா கம்பெனியின் கடிதத்தாள்களில் எல்லாம் வால்டிர் பார்த்த மரம்.

"டாக்டரம்மா, இதைக் கொஞ்சம்—"

"வால்டிர், எழுது. உலை: அலங்காரப் பொருள். தொழிலாளர்: வாடகைக்கு." டோனா யூலாலியா ஜன்னலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது அவரை நிறுத்த முடியாது.

வால்டிர் எழுதினான். மூட்டை தைக்காத ஆலை உலகத்தில் ஏது, பழைய மெஷினை விற்பது ஒரு குற்றமா என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். சமாதானம் ஆகவில்லை. செருப்புக்குள் புகுந்த கல்லாக அந்தப் பனைமரம் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது.

*

மறுநாள் பத்து மணிக்கு லிவ்ரமெந்தோ வணிகர் சங்கக் கூடம் நிறைந்திருந்தது. தலைநகரிலிருந்து வந்திருந்த அரசு அதிகாரி இவோனே சர்மெந்தோ, ஒல்லியான பெண்மணி, மேசைக்குப் பின்னால் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். விமானம் பிடிக்க வேண்டிய அவசரம் அந்தப் பேனாவில் தெரிந்தது. கடைசி வரிசையில் நெரேவு, துவைத்த சட்டையோடு, தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றார்.

முதலில் பிந்தோராமாவின் இயக்குநர் டாக்டர் லெயோனிதஸ் பிராட்டெஸ் பேசினார். கோட்டில் பச்சைப் பனைமர ஊசி குத்தியிருந்தது. எங்கள் உலையில் எரிவது வெறும் நெருப்பல்ல, இந்நாட்டின் ஆன்மா என்றார். பிறகு ஆன்மாவுக்குச் சாட்சியாக அதெமார் என்ற முதிய தொழிலாளியை முன்னால் நிறுத்தினார்.

"இருபத்திரண்டு வருஷமா உலையடியில நிக்கிறேன்," என்று அதெமார் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "அந்த ரிவேராக் கள்ளத்தூள் எங்க பிள்ளைங்க சோத்தைப் பறிக்குது." அந்த இடத்தில் அழ வேண்டும். அழுதார். லெயோனிதஸ் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதெமார் கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் டோனா யூலாலியா ரிவேரா அறிக்கையைப் படித்தார். செம்மண், பச்சை நாக்கு, தொண்ணூற்றாறு கண்கள். கூடம் சிரித்தது, கைதட்டியது. இவோனே தலையசைத்தார்.

"தெளிவா இருக்கு. ரிவேராத் தூளுக்கும் வரி போடலாம்னு பரிந்துரை எழுதிடறேன்."

பேனா காகிதத்தைத் தொட்டது. கடைசி வரிசையில் நெரேவு முழங்கையால் முகத்தைத் துடைத்தார். வெளுத்த சட்டைக் கையில் கருப்பாக ஒரு கோடு விழுந்தது.

வால்டிர் அந்தக் கோட்டைப் பார்த்தான். பிறகு அதெமார் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு டோனா யூலாலியாவின் காதருகே போனான்.

"டாக்டரம்மா, அந்தக் கைக்குட்டையைப் பாருங்க."

"பெரியவர் அழுகிறார். மரியாதையா இரு."

"அழட்டும். வெள்ளையா அழுறாரே."

டோனா யூலாலியா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். கைக்குட்டை கடையில் வாங்கியபடியே இருந்தது. அதெமாரின் இமைகள் சோப்பு விளம்பரத்துக்கு நிற்கலாம் போல இருந்தன.

"அந்தத் தையல் மெஷின் பிந்தோராமாவோடது," என்றான் வால்டிர் இன்னும் தாழ்ந்த குரலில். "அவங்களுக்கு வேகம் போதலையாம். இன்னொண்ணு கேட்கணும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அவங்க ஆலைக்குள்ள மூணு மணி நேரம் சுத்திப் பார்த்தீங்களே. நான் வாசல்லயே காரில தூங்கிட்டேன். அன்னைக்கு என்ன போட்டிருந்தீங்க?"

டோனா யூலாலியா குனிந்து தன் சந்தன நிறக் கோட்டின் கைகளைப் பார்த்தார். வலது, பிறகு இடது. கழுத்திலிருந்து காது வரை மெல்லச் சிவந்துகொண்டே போனது. அந்தச் சிவப்பின் முழுக் காரணம் அப்போது வால்டிருக்குத் தெரியாது.

"பேசாதே," என்றார்.

பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பணம் வந்துவிடும், பெயர் பத்திரிகையில் வரும், வெள்ளிக்கிழமை ஒரு ஷட்டர் இறங்கும். வால்டிருக்கு நாற்பது பெட்டிக் கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவன் கால் தன்பாட்டுக்கு ஆடியது. இவோனே முதல் வரியை முடித்து இரண்டாவதைத் தொடங்கினார்.

நாற்காலி கிறீச்சிட்டது. டோனா யூலாலியா எழுந்து நின்றிருந்தார்.

"அதிகாரி அவர்களே, எழுதறதை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பெரியவரை ஒண்ணு கேட்கணும்." அதெமாரிடம் திரும்பினார். குரலில் வழக்கமான முழக்கம் இல்லை. "ஐயா, இருபத்திரண்டு வருஷம் உலையடியில நின்னவர். இமையோரம் படியற கருப்பை எதை வச்சு எடுக்கறீங்க?"

"எந்தக் கருப்பு, டோனா?"

"கண்ணு ஓரத்துக் கருப்பு."

அதெமார் லெயோனிதஸைப் பார்த்தார். அதற்கு ஒத்திகை நடக்கவில்லை. "தண்ணிதான். முகம் கழுவினாப் போயிரும்."

கடைசி வரிசையில் நெரேவு சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல் வந்த சிரிப்பு. "அதெமாரண்ணே, நான் உங்க தூள்தானே பதினேழு வருஷம் வாங்கினேன். ஒரு தடவை வந்தப்போ வாசலின் டப்பாவை எனக்குக் கொடுத்ததே நீங்கதான்."

அதெமார் கையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை மடித்தார், இன்னொரு முறை மடித்தார்.

"அப்போ உலை எரிஞ்சுது நெரேவு," என்றார் கடைசியில்.

"எப்போ அணைச்சாங்க?" என்றார் டோனா யூலாலியா.

"வரி வந்த மாசம். செய்யறதை விட வாங்கித் தைச்சு வித்தா லாபம்னு சொன்னாங்க. மூணு வருஷமா எனக்கு மூட்டை வாய் தைக்கிற வேலைதான்."

"உள்ள போற மூட்டை எங்கேர்ந்து வருது?"

"சாந்தோஸ்லேர்ந்து. கடல் கடந்து வர்றதுதான். மேல 'அச்சு மை'ன்னு போட்டிருக்கும். அதுக்கு வரி இல்லையாமே."

லெயோனிதஸ் எழுந்தார். பனைமர ஊசி கோணலாகிவிட்டது. "அபாண்டம். எங்க ஆலை நவீன ஆலை, தூசி பறக்காத ஆலை. வேலைக்கு ஆகாத கிழவன் உளறலைக் கேட்டு ஒரு தேசியத் தொழிலை அவமதிக்கறீங்க. இந்த அம்மாவே எங்க ஆலைக்கு வந்து, மூணு மணி நேரம் பார்த்து, பாராட்டி எழுதிட்டுப் போனவங்க. பார்வையாளர் ஏட்டையே கொண்டு வந்திருக்கேன்." தோல் அட்டை போட்ட கனத்த ஏடு ஒன்றை மேசையில் தொப்பென்று வைத்தார்.

டோனா யூலாலியா உட்கார்ந்துகொண்டார். அந்தச் சிவப்பின் மீதிக் காரணம் என்ன என்று வால்டிருக்கு இப்போது புரிந்தது. அந்த ஏடு வெளியே வரும் என்று தெரிந்துதான் அவர் எழுந்திருக்கிறார்.

இவோனே ஏட்டைப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். விமானத்தை மறந்துவிட்டவர் போலப் பேனாவை மூடினார்.

"ரிவேரா பத்தின பரிந்துரை நிறுத்திவைப்பு," என்றார். "அதுக்கு முன்னாடி, காப்பாத்த ஒரு ஆலை இருக்கான்னே பார்க்கணும். இல்லேன்னா இந்த வரியே எதுக்கு? இந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கறேன். இதுதான் முதல் ஆதாரம்."

நெரேவு தொப்பியைப் போட்டுக்கொண்டார். பட்டறையில் ஆறு டயர் காத்திருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது வால்டிரின் தோளில் தட்டினார். ஐந்து விரலும் அச்சாக விழுந்தன.

ஆதாரம் எண் ஒன்றில் மூன்று வரிகள் இருந்தன. "முப்பத்தொரு வருட அனுபவத்தில் எத்தனையோ ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கார்பன் ஆலையைக் கண்டதில்லை. என் கோட்டில் ஒரு புள்ளி கூடப் படவில்லை." கீழே டோனா யூலாலியா ஃபகுண்டஸின் முழுக் கையெழுத்து இருந்தது.

அன்று போட்டிருந்ததும் இதே கோட்டுதான். அது இன்னும் சலவைக்குப் போகவில்லை.